அத்தையின் ரத்தம் போன வழி

எனக்குச் சட்டென்று குமட்டும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். எச்சில், சளி, சீழ், வாந்தி என்று எதையும் கண்ணால் பார்க்கவே வேண்டாம், பேச்சில் வந்தாலே தொண்டையில் புளிப்பு ஏறிவிடும். டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாய் வைப்பேன். விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமாவது இருந்தால் அன்றைக்கு டீ கிடையாது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டும் தொழிலுக்கு நான் வந்ததுகூட அதனால்தான் இருக்க வேண்டும். செம்புக் கம்பி, வார்னிஷ், கிரீஸ். அழுக்குதான், ஆனால் உடம்பிலிருந்து வந்த அழுக்கு இல்லை.

எனக்கு வாய்த்தவளோ நர்ஸ். கல்யாணமான புதிதில் சாப்பிடும்போதே ஆஸ்பத்திரிக் கதை சொல்வாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். இப்போது குவைத்தில் வேலை பார்க்கிறாள். எனக்கு வலங்கைமானுக்குப் பக்கத்து ஊரில் கடை. அதே தெருவில், நாலு வீடு தள்ளி, அவள் அம்மா தனியாக இருக்கிறார். மாமா இறந்த பிறகும் குத்தகை நிலத்தை விடாமல் சாகுபடி செய்துகொண்டிருந்தார் அத்தை. அதுவும் வரப்பில் குடை பிடித்து நின்று அல்ல. நடவு ஆட்களோடு தானும் சேற்றில் இறங்கி, குனிந்து, நாற்று நடுகிறவர்.

அவருடைய முட்டி இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தன. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நின்றாலும் நடுவில் ஒரு பூசணிக்காய் நுழையும் அளவுக்கு இடைவெளி. பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். கக்கூஸில் குந்த முடியவில்லை என்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுத் தரச் சொன்னாள் மனைவி, போனில். என் கடையில் வைத்து நான்தான் பிளேடைச் சூடாக்கி அறுத்துக் கொடுத்தேன். அந்த நாற்காலி நீல நிறம். அதன் பிறகு கடையில் வாடிக்கையாளர் உட்காரப் போட்டிருந்த நீல நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிட்டேன். அதில் யார் உட்கார்ந்தாலும் எனக்கு வேறு ஞாபகம்தான் வந்தது.

"ஆபரேஷன் பண்ணிடலாங்க. இனிமே மாத்திரையில தள்ளிட்டு இருக்க முடியாது" என்றாள் மனைவி. அவளுக்கு அந்த வருடத்து லீவெல்லாம் மாமாவின் காரியத்தோடு தீர்ந்து போயிருந்தது. அத்தைக்கு வேறு பிள்ளை இல்லை. ஆக, தஞ்சாவூருக்கு அழைத்துப் போகவேண்டியவன் நான்.

தஞ்சாவூர் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். "எலும்பும் எலும்பும் உரசிக்கிட்டு இருக்கு. மாத்திதான் ஆவணும். முதல்ல வலது பக்கம், அப்புறம் இடது பக்கம்" என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் அவர் முகம் மாறியது. ரத்தத்தின் அளவு, அதாவது ஹீமோகுளோபின், ஏழரைதான் இருந்தது.

"இவ்ளோ கம்மியா வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுறீங்க?" என்று அத்தையிடம் கேட்டார்.

"களைப்பாத்தான் இருக்கும் சார். வயசாச்சுல்ல" என்றார் அத்தை.

நான் விவரம் தெரிந்தவனைப் போல, "ரத்தம் ஏத்திக்கிட்டே பண்ணிடலாமே டாக்டர். கொடுக்க ஆள் ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "முட்டி மாத்துறப்ப ரத்தம் போறதைக் கம்மி பண்ண எங்கிட்ட வழி இருக்கு. தொடையில காத்தடிச்ச பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்துவோம். உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரையாம இருக்கறதுக்கு அறுக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஊசி. கசியற எடத்தைச் சுட்டு அடைச்சுக்கிட்டே போவோம். அப்படியும் கொஞ்சம் போவத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்தை இவங்க ஒடம்பு தாங்கணும்ல? அடுத்தவங்க ரத்தத்தை ஏத்துனா காய்ச்சல் வரலாம், ஒத்துக்காம போவலாம், புது முட்டியில கிருமி சேர்றதுக்கும் வாய்ப்பு அதிகம். சொந்த ரத்தத்தோட வரட்டும். பன்னெண்டாச்சும் ஆவட்டும். அதுக்கு முன்னாடி நான் கத்தி வைக்க மாட்டேன்."

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். செய்தி தெருவில் பரவியதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சம்பழம். எல்லாரும் கடைசியில் வந்து நின்ற இடம் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ரத்தம் ஊறுவதற்கு அதை மிஞ்சி எதுவுமில்லையாம். அத்தையால் அடுப்படியில் நின்று சமைக்க முடியாது என்பதால், வாரத்தில் இரண்டு காலை நான் கறிக்கடைக்குப் போனேன். கசாப்புக்காரர் ஆட்டின் வயிற்றுக்குள் கையை விட்டு அதைப் பிய்த்து எடுத்து, ஊதா நிறத்தில் நாக்கு மாதிரி தொங்கும் அந்த வஸ்துவை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டி, "ஃப்ரெஷ்ஷு பாருங்க" என்பார். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால்தான் அந்தப் பெயர் என்று அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். கேஸ் அடுப்பின் மேல் கம்பியில் குத்திச் சுடும்போது அது சுருங்கிப் புடைத்து, ஓரத்தில் கறுப்பாக நுரை கட்டும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுட்டேன். அத்தை அதில் மிளகைத் தூவி நிதானமாக மென்று தின்பார். நான் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்பேன்.

ஒரு மாதம் இப்படி ஓடியது. திரும்பத் தஞ்சாவூர் போய் ரத்தம் பார்த்தால் ஏழுக்கும் கீழே இறங்கியிருந்தது.

டாக்டருக்கே எரிச்சல். "உள்ள போடப் போட எங்க போவுது? எங்கயோ ஓட்டை இருக்கு. வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களாம்மா?"

"எப்பவாச்சும் ஒண்ணு சார்" என்றார் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"மலம் எந்தக் கலர்ல போவுது?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன். மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவில் பேசக்கூடாத வார்த்தைகள் எவ்வளவோ உண்டு. அதில் இது முதல் வார்த்தை. மலத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் உடனே, "இரும்பு மாத்திரை போட்டாலும் கறுப்பாத்தாங்க போவும். அது வேற கறுப்பு. ரோட்டுல ஊத்துவாங்களே தார், அது மாதிரி பிசுபிசுன்னு, நாத்தம் தாங்காம இருந்தா அது ரத்தம். நீங்க பாருங்க" என்றாள்.

"நானா?"

"வேற யாரு பாக்குறது? எங்கிட்ட அம்மா உண்மையச் சொல்ல மாட்டாங்க. கேட்டா, இதெல்லாம் போன்ல பேசுறதாடீன்னு கட் பண்ணிடுறாங்க."

"நீ வேற எதைச் சொன்னாலும் செய்றேன்."

"வேற எதுவும் வேணாம். இதைச் செய்ங்க."

இரும்பு மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆனதும், லேபில் கொடுத்த சின்ன டப்பாவை அத்தையின் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டார். டப்பாவை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொன்றில் போட்டு, அதை ஊறுகாய் பாட்டிலுக்குள் இறக்கி, பாட்டிலை மஞ்சள் பையில் வைத்து முடிச்சுப் போட்டிருந்தார். கையில் கொடுக்காமல், படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாப்ள" என்றார். முகத்தை முந்தானையால் மூடியிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை" என்றேன், மூச்சை அடக்கிக்கொண்டு.

மஞ்சள் பையை பைக் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கும்பகோணம் போனேன். பை என் முட்டியில் இடித்துக்கொண்டே வந்தது. நாற்றம் எதுவும் வெளியே வந்திருக்க முடியாது. ஆனால் வழி நெடுக எனக்கு நாறியது. லேபில் இருந்த பெண் என் கண் முன்னாலேயே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, டப்பாவின் மூடியைத் திறந்தாள். மனைவி சொன்ன தார்தான் அது. பளபளவென்று, குச்சியில் எடுத்தால் நூல் விட்டது. அதன் நாற்றம் சாதாரண நாற்றம் இல்லை. இனிப்பும் அழுகலும் கலந்து, செத்த எலியைச் சர்க்கரைப் பாகில் போட்டு மூடி வைத்தது மாதிரி, நாக்கில் ஒட்டிக்கொள்ளும் நாற்றம். வெளியே ஓடிப்போய் சாக்கடை ஓரமாக வாந்தி எடுத்தேன். அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்து, "உங்க அம்மாவா சார்?" என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

முடிவு தெரிந்ததும் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தஞ்சாவூரிலேயே இன்னொரு டாக்டர். அவர் என்னையும் உள்ளே கூப்பிட்டு டிவித் திரையைக் காட்டினார். அத்தை ஒருக்களித்துப் படுத்து, வாயில் வளையத்தைக் கடித்தபடி உவ்வே, உவ்வே என்று ஓங்கரித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கோழை வழிந்தது. திரையில் ஈரமான சிவப்புச் சுவர், அதில் அங்கங்கே கொப்புளம் உடைந்தது போலப் புண்கள். ஒரு புண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு கட்டி. அதன் ஓரத்திலிருந்து ரத்தம், குழாய் மூட்டில் கசியும் தண்ணீர் மாதிரி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"வலி மாத்திரைப் புண்ணு. ஒண்ணு ரெண்டு மாத்திரையில வர்றது இல்ல இது. வருஷக்கணக்கா தின்னிருக்காங்க" என்றார் அந்த டாக்டர்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், நான் கேட்கும் முன்பே அத்தை இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். செய்தித்தாளைக் கிழித்து மடித்த பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று மாத்திரை: ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, மிளகு அளவில் ஒரு ரோஸ். எந்த அட்டையும் இல்லை, பெயரும் இல்லை.

"காலையில ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. நடவு நேரத்துல மத்தியானமும் ஒண்ணு போட்டுக்குவேன். போட்டாத்தான் சேத்துல எறங்க முடியும் மாப்ள" என்றார். "எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க."

எலும்பு டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவுடனேயே தெரிந்துகொண்டார். மஞ்சளும் வெள்ளையும் வலி மாத்திரை, இரண்டும் வயிற்றை அரிப்பவை. ரோஸ் ஸ்டீராய்டு. அத்தையின் முகம் உருண்டையாகப் பூரித்திருப்பதைப் பார்த்து, தனியா இருந்தாலும் தெம்பாத்தான் இருக்காங்க என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பூரிப்பு இந்த மாத்திரையின் வீக்கம். "இந்தச் சின்னதைச் சட்டுனு நிறுத்தக் கூடாது. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். மத்த ரெண்டையும் இன்னையோட தூக்கிப் போடுங்க" என்றார். பிறகு அவர் சொன்னது எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. "ஆபரேஷன்ல எவ்ளோ ரத்தம் போவும்னு எல்லாரும் பயப்படுறாங்க. அதைவிட அதிகமா இவங்க தெனம் கொஞ்சம் கொஞ்சமா கக்கூஸ்ல விட்டுட்டு இருந்திருக்காங்க."

அந்தப் பொட்டலம் எங்கள் ஊர் மெடிக்கலில் கட்டியது. கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். நெற்றி நிறைய விபூதி, குரல் உயர்த்தாத பேச்சு, யார் போனாலும் "சொல்லுங்க, சொல்லுங்க". டப்பாவுக்குள் விரலை விட்டு மாத்திரையை அள்ளுவார். காகிதத்தைப் பிரிக்க அதே விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். அதைப் பார்த்த நாளிலிருந்து நான் அங்கே அட்டையோடு இருக்கும் மாத்திரை தவிர வேறு எதுவும் வாங்கியதில்லை.

நான் போனபோது இரண்டு பெண்கள் பொட்டலத்துக்காக நின்றிருந்தார்கள். அத்தையின் பொட்டலத்தை மேசை மேல் வைத்தேன். "இது என்ன மாத்திரைங்க?"

"முட்டி வலிக்குங்க. அத்தைக்கு நல்லாக் கேக்குதே?"

"வயிறு பூரா புண்ணு. ரத்தம் போயிக்கிட்டே இருந்திருக்கு. ஆபரேஷன் பண்ண மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவர் கொஞ்சமும் பதறவில்லை. "வெறும் வயித்துல போட்டிருப்பாங்க. சாப்பிட்டுட்டுப் போடச் சொல்லித்தானே கொடுக்குறேன். நானா போயி வீட்டுக் கதவத் தட்டுனேன்? வந்து கேக்குறாங்க, கொடுக்குறேன்" என்றபடி விரலை நாக்கில் தொட்டு, அடுத்த பெண்ணுக்குக் காகிதம் கிழித்தார்.

கடையில் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. லேபில் வந்த அதே குமட்டல் வந்தது. லேபில் டப்பாவுக்குள் இருந்த அழுக்கு யாரையும் ஏமாற்றவில்லை. இங்கே அது விபூதியும் புன்னகையுமாக உட்கார்ந்திருந்தது. அன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அத்தை சொல்ல வேண்டாம் என்றதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் புகார் எழுதச் சொன்னாள். எழுதினேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கடை மூடப்பட்டது.

எனக்குப் பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் திட்டு கிடைக்கும் என்றும் நினைக்கவில்லை. சம்பா நடவு தொடங்கியிருந்த நேரம். நடவு ஆட்களைத் திரட்டி அழைத்து வரும் அம்மா ஒருவர், சேறு காய்ந்த காலோடு நேராக என் கடைக்கு வந்து நின்றார். நடக்கும்போது அவரும் அத்தையைப் போலவே சாய்ந்தார்.

"மெடிக்கலை மூட வெச்சது நீங்கதானே?"

"அது வெஷம்மா. அத்தைக்கு என்னாச்சு தெரியுமா?"

"தெரியும். அவங்களுக்குத் தஞ்சாவூரு டாக்டர் இருக்காரு, குவைத்துல பொண்ணு இருக்கு, அழைச்சிட்டுப் போவ நீங்க இருக்கீங்க. எங்களுக்கு யாரு இருக்கா? நாளைக்குக் காலையில நான் எப்படி எறங்குவேன், அதைச் சொல்லுங்க."

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, நான் எச்சில் டம்ளரைப் பார்ப்பேனே, அந்தப் பார்வை. கடைப் படியில் இறங்கிப் போனார். அன்று மாலை அத்தையே அவர் வீட்டுக்குச் சாய்ந்து சாய்ந்து நடந்து போய், அங்கிருந்த நடவுப் பெண்களிடம் புண்ணைப் பற்றியும் தாரைப் பற்றியும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். சிலர் கேட்டுக்கொண்டார்களாம். சிலர் வலங்கைமான் போய் வேறு கடையில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்களாம்.

அத்தைக்குப் புண் ஆற மருந்து, கைநரம்பில் இரும்புச்சத்து மருந்து என்று தஞ்சாவூருக்கும் ஊருக்குமாக அலைந்தோம். மாத்திரையை நிறுத்தியதும் முட்டி வலி பேயாக ஆடியது. முனகல் சத்தம் தெருவுக்குக் கேட்கும். முகத்தின் வீக்கம் வற்றியதும் கன்னமெல்லாம் தொங்கி, வேறு ஆள் மாதிரி ஆனார். ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கண்ணிமையின் உள்பக்கம் முதல் தடவையாகச் சிவப்பாக இருந்தது. பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர் சிரித்தார். பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

ஆபரேஷன் அன்று, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு பை ரத்தம் மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ரம்பம் ஓடுவது கேட்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்ததும் கதவு திறந்து, பச்சை உடுப்பில் ஒருவர், "வலது முட்டி அட்டெண்டர் யாரு? வாங்க" என்றார். உள்ளே போனால் டாக்டர் கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம்.

"எடுத்ததை வீட்டுக்காரங்ககிட்ட காட்டிடுவோம். பாருங்க."

தப்பிக்க வழியில்லை. பார்த்தேன். எலும்புத் துண்டுகள், இளநீர் சீவிப் போட்ட மட்டை மாதிரி வெட்டு வெட்டாக. ஓரங்களில் மஞ்சள் கொழுப்பும் ரத்த நாரும் ஒட்டியிருந்தன. ஒரு துண்டின் மேல்பக்கம் மட்டும், பழைய மோட்டாரில் பேரிங் தேய்ந்த ஷாஃப்ட் மாதிரி, வழுவழுவென்று மின்னியது. அதில் நீளவாக்கில் கோடுகள்.

"உரசி உரசிப் பள்ளமான தடம்" என்றார் டாக்டர். "ரத்தம் ரொம்பக் கம்மியாத்தான் போச்சு. எடுத்து வெச்ச பை தேவைப்படல. வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்லிட்டேன்."

எனக்கு வாய் முழுக்க எச்சில் ஊறியது. கிண்ணத்தைப் பார்த்தபடியே நன்றி என்று சொன்னேன் போலிருக்கிறது. இந்தக் கோடுகளோடுதான் அவர் இத்தனை வருடம் சேற்றில் நின்றிருக்கிறார் என்பது வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

மயக்க ஊசி தெளியும்போது அத்தைக்கு வாந்தி வந்தது. ஆயாவைக் கூப்பிட நான் எழுவதற்குள், என் கையிலும் சட்டையிலும் எடுத்துவிட்டார். வெதுவெதுப்பாக, பச்சையாக. நான் கையை அப்படியே நீட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி, மூச்சு விடாமல் நின்றேன். அவர் தலை சரிந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கையால் நெற்றியைப் பிடித்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பாசம் பொங்கியது என்று எழுதினால் பொய். அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் கையை எடுக்க முடியவில்லை.

தொடையிலிருந்து கணுக்கால் வரை தோல் கருநீலமாக, கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. பயந்துபோய் மனைவிக்கு வீடியோவில் காட்டினேன். "இது சாதாரணம்ங்க, மஞ்சளாயி மறைஞ்சிடும்" என்றாள். பிறகு, "அம்மாவுக்குச் சொல்லுங்க, கால் நேரா இருக்கு" என்றாள். நான் அதுவரை நிறத்தைத்தான் பார்த்திருந்தேன். கால் நேராகத்தான் இருந்தது.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வலியில் அத்தை கெட்ட வார்த்தை சொன்னார். என் முன்னால் முதல் தடவையாக. நாலு அடி வைத்தார். நிறத்தையும் வலியையும் தாண்டி மெதுமெதுவாக நடை வந்தது. பொங்கலுக்குப் பிறகு அறுவடையின்போது வரப்பு வரை குச்சியோடு போய் நின்று, அறுவடை மெஷின்காரரிடம் தாளை உயரமாக விட்டு அறுக்கிறாயே என்று சண்டை போட்டார்.

மெடிக்கல் திரும்பவும் திறந்துவிட்டது. பெயர்ப்பலகையில் கடைக்காரர் மனைவியின் பெயர், உள்ளே அவரே. பொட்டலம் கட்டுகிறாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. கட்டுகிறார் என்றுதான் சொல்கிறார்கள்.

வைகாசியில் கும்பகோணம் சாலையில் ஒரு கல்யாணம். பந்தியில் நான் உட்கார்ந்த பிறகு, பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர் அந்த மெடிக்கல்காரர்தான். எதிர்வரிசையில், நாற்காலியில் முதுகை நிமிர்த்தி அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை நல்லா நடக்குறாங்களாமே. ரொம்ப சந்தோஷம்" என்றார், நெய்யை ஊற்றிப் பிசைந்துகொண்டே. "புகார் கொடுத்ததுக்கெல்லாம் நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலீங்க. ஆபரேஷன் வரைக்கும் அவங்களக் கொண்டாந்து சேத்தது எங்க மாத்திரைதான்னு எனக்குத் தெரியும்ல."

என் இலையில் சாம்பார் சாதம் அப்படியே இருந்தது. எழுந்தேன். பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். பாதி இலையில் எழுவது கல்யாண வீட்டாரை அவமதிப்பது என்று தெரியும். பிசைந்த சோறு அவர் விரல் இடுக்கில் வெள்ளையாகப் பிதுங்கியதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. கையைக் கழுவினேன். திரும்பத் திரும்பக் கழுவினேன்.

ஆட்டோவில் வரும்போது அத்தை கேட்டார். "ஏன் மாப்ள எழுந்துட்டீங்க? பாயசம் நல்லா இருந்துச்சு."

மெடிக்கல்காரர் சொன்னதைச் சொன்னேன். அத்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெளியே தெரிந்த உழவு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் சொன்னது பொய்யில்ல" என்றார். "இத்தனை வருஷமா நான் நட்டதெல்லாம் அந்த மாத்திரையில நட்டதுதான். எம் பொண்ணைப் படிக்க வெச்ச கடைசி வருஷம்கூட அப்படித்தான். நல்லவன்னு சொல்ல வரல. நாசமாப் போறவன். ஆனா அது இல்லாம நான் எறங்கியிருக்க முடியாது, மாப்ள."

அந்த மனிதர் சொன்னதைவிட இதைக் கேட்டதுதான் எனக்கு அதிகமாகக் கசந்தது. என் மனைவி நர்ஸ் ஆனதிலும், நாங்கள் தின்ற சோற்றிலும் அந்தப் பொட்டலம் கலந்திருந்தது. ஆட்டோவை ஓரம் கட்டச் சொல்லி இறங்கி நின்று கொஞ்சம் காற்று வாங்கினேன்.

திரும்ப ஏறி உட்கார்ந்ததும் அத்தை தன் இடது முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இந்தக் காலை எப்பப் பண்றதாம்? குறுவை நடவுக்கு முன்னாடி முடியுமான்னு டாக்டர்ட்ட போன் போட்டுக் கேளுங்க."